பாபிக்கு யார் முகம்?

ஸ்டாம்பின் டாம் கானர்ஸ் எழுதிப் பாடிய 'தி ஹாக்கி சாங்' பாட்டின் முதல் சரணத்திலேயே ஒரு கோல் விழுகிறது. அடித்தவர் பெயர் பாபி. அவ்வளவுதான். குடும்பப் பெயர் இல்லை. எந்த அணி, எந்த ஊர், முதுகில் என்ன எண் என்ற தகவலும் இல்லை. 1973-ல் அந்தப் பாட்டு இசைத்தட்டில் வலம் வந்த நாட்களில் கனடாவில் ஹாக்கி பார்த்தவர்களுக்கு மூன்று பாபிகளைத் தெரியும். பாஸ்டன் அணியின் பாபி ஆர், முந்தைய ஆண்டுதான் வின்னிபெக் ஜெட்ஸுக்கு மாறியிருந்த பாபி ஹல், பிலடெல்பியாவின் பாபி கிளார்க். கேட்டவர்கள் அவரவருக்குப் பிடித்த பாபியை அந்தப் பெயருக்குள் உட்கார வைத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு அது போதும். அதே பாட்டைக் குழந்தைகளுக்கான படப்புத்தகமாக வரைய உட்காரும் ஓவியருக்கு அது போதாது. வெறும் பெயரை வரைய முடியாது. முடி என்ன நிறம், தோல் என்ன நிறம், ஆணா பெண்ணா, எட்டு வயதா இருபத்தெட்டு வயதா, ஆட்டம் நடப்பது ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்த அரங்கிலா, வீட்டுக்குப் பின்னால் உறைந்து கிடக்கும் குளத்திலா என்று ஒவ்வொன்றையும் அவர் முடிவு செய்தாக வேண்டும். புகழ்பெற்ற பாட்டுக்குப் படம் போட்டு விற்பது சுலபமான வேலை என்ற எண்ணம் புத்தக உலகில் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பாட்டு சொல்லாமல் விட்டதையெல்லாம் படம் சொல்லியாக வேண்டும். ஆகவே, இந்த விளையாட்டு யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நாடு தன் பிள்ளைகளிடம் சொல்லும் பதில், அதன் பாராளுமன்றத்தை விடவும் இப்படிப்பட்ட புத்தகத்தில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் மைதானமும் பந்தும். கனடாவில் ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. வேறு அடைமொழி தேவையில்லை. 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள பனித்தளம். ஒரு பக்கம் ஆறு பேர், அதில் ஒருவர் கோலி. தலா இருபது நிமிடம் கொண்ட மூன்று பீரியட்கள். பந்துக்குப் பதில் பக்: மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை, எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். பருவத்தின் முடிவில் வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. 1892-ல் அன்றைய கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு கொடுத்தது. 1994-ல் கனடா சட்டம் போட்டு ஐஸ் ஹாக்கியைத் தேசியக் குளிர்கால விளையாட்டாக அறிவித்தது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நாடு அதை முடிவு செய்திருந்தது. 1972 செப்டம்பர் 28 அன்று மாஸ்கோவில் சோவியத் அணிக்கு எதிரான எட்டாவது ஆட்டம். முடிய 34 நொடி இருக்கும்போது பால் ஹென்டர்சன் கோல் அடித்துத் தொடரைக் கனடாவுக்கு வென்று கொடுத்தார். கானர்ஸின் பாட்டு அந்தப் பரவசம் அடங்காத காற்றில் பிறந்தது. அதில் ரஷ்யாவும் இல்லை, ஹென்டர்சனும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கானர்ஸின் கதை ஏழைப் பிள்ளையின் கதை. 1936-ல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் பிறந்தார். தாய் பதின்ம வயதைத் தாண்டாத பெண். சிறுவயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பிரின்ஸ் எட்வர்ட் தீவின் ஸ்கின்னர்ஸ் பாண்ட் என்ற சிற்றூரில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் அங்கிருந்து ஓடிப்போய், கிதாரும் கையுமாக வழியில் வந்த வண்டிகளில் ஏறி நாடு முழுக்கத் திரிந்தார். 1964-ல் டிம்மின்ஸ் என்ற சுரங்க நகரில், மேப்பிள் லீஃப் ஹோட்டலில் ஒரு பீருக்கு ஐந்து சென்ட் குறைந்தது. பாடினால் பீர் தருகிறேன் என்றார் அங்கே பணியிலிருந்தவர். பாடினார்; அங்கேயே ஓராண்டுக்கு மேல் பாடும் வேலை கிடைத்தது. மதுக்கடையின் இரைச்சலுக்கு மேல் தாளம் கேட்க வேண்டும் என்று இடது காலால் ஓங்கி ஓங்கி மிதித்துப் பாடினார். மேடை பாழாகாமல் இருக்கக் காலடியில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுக்கொண்டார். 'மிதிக்கும் டாம்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டியது. அந்தப் பலகைத் தாளம் 'தி ஹாக்கி சாங்'கின் எலும்பு. படப்புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு செயல் நடக்கிறது: விசில், பாய்ச்சல், மோதல், கூச்சல். பக்கம் புரட்டும் கைக்கும் அதே தாளம்தான் தேவைப்படுகிறது.

பாட்டு வந்தவுடன் நாடே பாடிவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது கானர்ஸின் ரசிகர்களுக்கு மட்டுமே நெருக்கமான பாட்டாக இருந்தது. 1992-ல் புதிதாகத் தொடங்கிய ஒட்டாவா செனட்டர்ஸ் அணி தன் ஆட்டங்களில் அதை ஒலிபரப்பியது. எதிரணியாக அங்கே வந்த டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பயிற்சியாளர் பாட் பர்ன்ஸ் அதைக் கேட்டு, எங்கள் அரங்கிலும் போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அதன்பிறகுதான் அரங்குக்கு அரங்கு பரவியது. 2018-ல் கனடியப் பாடலாசிரியர் புகழ் மண்டபத்தில் அந்தப் பாட்டுக்கே தனியாக இடம் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத் திட்டத்தால் எழுந்த பாட்டல்ல, கேட்டவர்கள் தூக்கி வைத்த பாட்டு என்பதற்கு இந்த இருபதாண்டுத் தாமதமே சாட்சி.

இனி அதன் கட்டமைப்பைப் பார்க்கலாம். ரேடியோ வர்ணனையாளர் நேயர்களை அழைப்பது போலத் தொடங்குகிறது. 1931 முதல் ரேடியோவிலும் 1952 முதல் தொலைக்காட்சியிலும் சனிக்கிழமை இரவுகளை ஆண்ட 'ஹாக்கி நைட் இன் கனடா'வின் குரல் அது. மூன்று சரணங்கள், மூன்று பீரியட்கள். இடையே பீரியட்டின் எண்ணைக் கானர்ஸ் சும்மா பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறார். முதல் பீரியடில் ஒரு கோல், இரண்டாவதில் பின்தங்கியிருந்த சொந்த ஊர் அணி சமன் செய்கிறது, மூன்றாவதில் கோப்பையையே தீர்மானிக்கும் கோல். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அதே பல்லவி. இரண்டே இரண்டு உவமைகள்: ஒன்று தேனீ, இன்னொன்று தீ. சொந்த அணி உண்டு, அதற்கு ஊர் இல்லை. எதிரணி உண்டு, அதற்குப் பெயர் இல்லை. பாட்டு முழுவதிலும் உருவமுள்ள சொந்தப் பெயர்ச்சொல் என்று பார்த்தால் பாபியும் ஸ்டான்லி கோப்பையும்தான். ஹாலிஃபாக்ஸில் பாடினாலும் வான்கூவரில் பாடினாலும் சொந்த அணி அந்த ஊர் அணியாகிவிடுகிறது. பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊரைப் பற்றியும் பெயர் சொல்லிப் பாட்டுக்கட்டிய மனிதர் கானர்ஸ். சட்பரியின் சுரங்கத் தொழிலாளர், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் உருளைக்கிழங்கு லாரி, டில்சன்பர்க்கின் புகையிலை வயல் எல்லாம் அவர் பாட்டில் பெயரோடும் முகவரியோடும் இருக்கின்றன. அப்படிப்பட்டவர் ஹாக்கிக்கு மட்டும் ஊர்ப்பெயரே சொல்லவில்லை. அது கைமறதியாக இருக்க முடியாது.

இந்த வெற்றிடத்தைப் பக்கங்களில் பரப்பும்போது என்ன ஆகிறது? படப்புத்தகம் வழக்கமாக 32 பக்கம். பாட்டோ இரண்டு நிமிடச் சொச்சம். பாடிக்கொண்டே புரட்டினால் ஓர் இரட்டைப் பக்கத்துக்குப் பத்து நொடிகூடக் கிடைக்காது. அந்தப் பத்து நொடிக்குள் பக் எங்கே என்று குழந்தையின் கண் கண்டுபிடிக்க வேண்டும். தாளில் அது ஒரு கறுப்புப் புள்ளி. பார்வையை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு போய், பக்கத்தின் ஓரத்தில் விட்டு, 'புரட்டு' என்று சொல்வதற்கு அந்தப் புள்ளியை விட நல்ல கருவி ஓவியருக்குக் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் பல்லவி. பாட்டில் பல்லவி திரும்ப வருவது சுகம். காதுக்குத் தெரிந்த இடத்துக்கு மறுபடி வந்து சேர்கிறோம். படத்தில் அதே காட்சி மூன்று முறை வந்தால் சலிப்பு. சொல் அதேதான், படம் மாறியாக வேண்டும். அப்படியானால் பல்லவி வரும் பக்கங்களில் ஓவியர் சொற்களுக்கு அடியில் தன் சொந்தக் கதையை ஓட்டுவதற்கு இடம் கிடைக்கிறது. முதல் பல்லவியில் கூட்டத்தின் மூலையில் நிற்கும் ஒரு பிள்ளை மூன்றாம் பல்லவியில் எங்கே இருக்கிறாள் என்பது பாட்டில் இல்லாத கதை. நல்ல படப்புத்தகத்தை மூலப்பாட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கதைதான்.

இந்தப் பாட்டு ஒருமுறை அல்ல, இரண்டு முறை வரையப்பட்டிருக்கிறது. 1996-ல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சார்லட்டவுனில் இருந்த ராக்வீட் பதிப்பகம், பிரெண்டா ஜோன்ஸின் ஓவியங்களோடு 'ஹாக்கி நைட் டுநைட்' என்ற பெயரில் வெளியிட்டது. கானர்ஸ் 2013 மார்ச்சில் இறந்த பிறகு, 2016-ல் கிரேஸ்டோன் பதிப்பகம் கேரி கிளெமென்ட்டைக் கொண்டு மறுபடி வரைய வைத்தது. கிளெமென்ட் டொராண்டோவின் 'நேஷனல் போஸ்ட்' நாளிதழில் நெடுங்காலம் அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தவர்; 'தி கிரேட் பூச்சினி' என்ற தன் குழந்தைகள் புத்தகத்தின் ஓவியங்களுக்காக 1999-ல் கவர்னர் ஜெனரல் விருது வாங்கியவர். கேலிச்சித்திரக்காரருடைய தொழிலே முகம். கூட்டத்தை வரைந்தாலும் அதில் ஒவ்வொருவரும் தனி ஆளாகத் தெரிய வேண்டும். கோடு நாலே இருந்தாலும் யார் என்று புரிய வேண்டும். முகமே இல்லாத பாட்டுக்கு முகம் கொடுக்க இந்தத் தொழிலிலிருந்து ஒருவரை அழைத்தது சரியான தேர்வு. அதே சொற்கள், இருபது ஆண்டு இடைவெளி, இரண்டு வேறு கைகள். ஒரு தலைமுறைக்கு வரைந்தது அடுத்த தலைமுறைக்குப் போதவில்லை என்று பதிப்பாளர்களே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ராக் காரியே 1979-ல் பிரெஞ்சில் எழுதிய சிறுகதை 'தி ஹாக்கி ஸ்வெட்டர்'. 1980-ல் ஷெல்டன் கோஹன் அதைத் தேசியத் திரைப்பட வாரியத்துக்காகக் கார்ட்டூன் படமாக்கினார். 1984-ல் அவருடைய ஓவியங்களோடு டண்ட்ரா பதிப்பகம் புத்தகமாக்கியது. கதை நடப்பது 1946-ல், கியூபெக் மாகாணத்தின் செயின்ட் ஜஸ்டின் என்ற கிராமத்தில். ஊர்ப் பையன்கள் எல்லாரும் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் சிவப்புச் சட்டைதான் போடுவார்கள். எல்லார் முதுகிலும் மோரீஸ் ரிஷாரின் ஒன்பதாம் எண். கதை சொல்லும் பையனின் சட்டை சின்னதாகிக் கிழிந்துபோகிறது. அம்மா ஈட்டன் கடையின் ஆங்கில அஞ்சல் பட்டியலிலிருந்து புதுச் சட்டை வரவழைக்கிறாள். பெட்டியைத் திறந்தால் நீலம்: எதிரி டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸின் சட்டை. திருப்பி அனுப்பினால் ஈட்டன் ஐயா கோபித்துக்கொள்வார் என்று அம்மா அதையே போடச் சொல்கிறாள். பையன்கள் அவனை ஆட விடவில்லை. ஆத்திரத்தில் ஸ்டிக்கை உடைக்கிறான். பாதிரியார் கோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்கிறார். இந்தச் சட்டையை அந்துப்பூச்சி வந்து தின்னட்டும் என்று அவன் வேண்டிக்கொள்கிறான்.

இந்தக் கதையில் வெற்றிடமே கிடையாது. பெயர், எண், நிறம், கடை, மொழி எல்லாம் எழுத்திலேயே முடிவாகிவிட்டன. சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு நீலச் சட்டை என்பதை ஓவியர் யாரானாலும் வரைந்தாக வேண்டும். பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்கும் ஆங்கிலம் பேசும் டொராண்டோவுக்கும் இடையே இருந்த வலியை ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு சட்டையால் விளங்க வைத்த கதை அது. நான் அதை மிக உயர்வாக மதிக்கிறேன். 2001 வரிசையில் அச்சான ஐந்து டாலர் தாளில், பனித்தளத்தில் பிள்ளைகள் ஆடும் காட்சியும் அந்தக் கதையின் வரிகளும் இரு மொழியிலும் இடம்பெற்றன. ஆனால் அது ஒருவரின் பால்யம். அதன் ஆழம் அதன் குறிப்பிட்ட தன்மையில் இருக்கிறது. படிக்கிற குழந்தை அந்தப் பையனுக்காக அழலாம். அவனாகவே ஆகிவிட முடியாது. கானர்ஸின் பாட்டில் நிலைமை நேர் எதிர். அழுகைக்கு இடமில்லை, ஆழமான பாத்திரமும் இல்லை. ஆனால் உள்ளே நுழைய வாசல் திறந்து கிடக்கிறது. அந்த வாசலில் யாரை நிறுத்துவது என்ற பொறுப்பு முழுக்க முழுக்க ஓவியர் தலையில் விழுகிறது. இரண்டும் ஹாக்கிப் புத்தகம் என்று ஒரே அலமாரியில் நிற்கலாம். செய்கிற வேலை வேறு வேறு.

இது பணம் பண்ணும் வேலை, செத்துப்போன பாடகரின் பேரில் பிறந்தநாள் பரிசுக்கு ஏற்ற சரக்கு என்று ஒரு சாரார் சொல்வார்கள். பரிசாக விற்பது உண்மைதான். பரிசாக வாங்கப்படுவதால் ஒரு குழந்தைப் புத்தகம் தாழ்ந்துபோவதில்லை. முக்கியமானது வேறு. பாட்டைப் படமாக்கும் யோசனை கானர்ஸ் போன பிறகு யாரோ கண்டுபிடித்தது அல்ல. அவர் இருக்கும்போதே 1992-ல் 'மை ஸ்டாம்பின் கிரவுண்ட்ஸ்', 1994-ல் 'பட் தி ஸ்பட்', 1996-ல் ஹாக்கிப் பாட்டு என்று மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. பணத்துக்கும் பெயருக்கும் வளைந்துகொடுக்கிற ஆளாகவும் அவர் இருக்கவில்லை. அமெரிக்காவில் குடியேறித் தொழில் செய்கிறவர்களுக்குக் கனடாவின் ஜூனோ விருதை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, தான் வாங்கிய ஆறு ஜூனோ விருதுகளையும் 1978-ல் திருப்பி அனுப்பியவர். பிறகு பல ஆண்டுகள் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். தன் பாட்டு இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதமும் படப்புத்தகமும் ஒரே மனசிலிருந்து வந்தவை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மெட்டை எடுத்துவிட்டால் இந்தச் சொற்களில் என்ன மிச்சம்? எளிய எதுகை, தேய்ந்த உவமை, அரங்கக் கூச்சல். தாளில் வைத்துப் படித்தால் கவிதையாக நிற்காது என்கிறார்கள். நிற்காதுதான். ஆனால் இந்தப் புத்தகத்தைத் திறக்கும் குழந்தை அதை மெட்டில்லாமல் படிப்பதில்லை. பாட்டு ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது. எழுத்துக் கூட்டப் பழகும் குழந்தைக்கு ஒரு பக்கத்தில் அச்சாகியிருப்பது என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய பலம். விரலை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே பாடுகிறது. பாட்டின் அசை ஒன்று, விரல் இருக்கும் சொல் வேறு என்று இடறும்போது நின்று, பின்னால் போய்ச் சரிசெய்துகொள்கிறது. அந்த இடறலில்தான் வாசிப்பு பிறக்கிறது. மூன்று முறை வரும் பல்லவி இங்கே வரமாகிறது. முதல் முறை மனப்பாடத்தால் சொன்ன சொல்லை மூன்றாம் முறை கண்ணால் அடையாளம் காண்கிறது. அரிய சொற்களால் ஆன உயர்ந்த கவிதை இந்த வேலையைச் செய்யாது. வாயில் புரண்டு புரண்டு வழவழப்பான சொற்கள்தான் செய்யும்.

இதில் புலம்பெயர்ந்த வீடுகளுக்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய இடம் டொராண்டோவும் அதன் ஸ்கார்பரோ பகுதியும் அருகிலுள்ள மார்க்கமும். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2016 அக்டோபரில். கிளெமென்ட்டின் புத்தகம் வந்த அதே ஆண்டு. அப்படி ஒரு வீட்டில் பிள்ளை பள்ளியிலிருந்து இந்தப் பாட்டைக் கொண்டுவரும்போது அம்மம்மாவுக்கு அது தெரியாது. பீரியட் என்றால் என்ன, கோலி ஏன் முகமூடி போட்டிருக்கிறார், பக் எங்கே போனது என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது பிள்ளை, கேட்டுக்கொள்வது அம்மம்மா. பெரியவர் படிக்க, சிறியவர் கேட்பது என்ற படப்புத்தக வழக்கம் இங்கே தலைகீழாகிறது. பஞ்சாபி பேசுவோருக்கு 2008-ல் 'ஹாக்கி நைட்' வர்ணனையே அவர்கள் மொழியில் கிடைக்கத் தொடங்கியது. அந்த வசதி இல்லாத மொழிக்காரர்களின் வீட்டுக்குள் விளையாட்டு நுழையும் வழிகளில் படமும் பாட்டும் முக்கியமானவை. அந்தப் பக்கத்தில் தன் பேரப்பிள்ளையைப் போல ஒரு முகம் இருக்கிறதா இல்லையா என்பதை அம்மம்மா முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

படம் போட்டதும் கற்பனை செத்துவிடும், கேட்கிறவர் மனசில் இருந்த ஆயிரம் பாபிகளும் ஒரு பாபியாகச் சுருங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு குறை. அந்த வெற்றிடத்தைத்தான் நானும் இவ்வளவு நேரம் புகழ்ந்தேன் என்பதால் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உண்மையில் அந்த இடம் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. 1970 மே மாதம் கோப்பையை வென்ற கோலை அடித்துவிட்டு, பறவை போலக் கிடைமட்டமாகக் காற்றில் மிதந்த பாபி ஆரின் புகைப்படம் வட அமெரிக்கா முழுக்கச் சுவர்களில் தொங்கியது. பாபி என்று காதில் விழுந்தவுடன் அந்தப் படம் தானாகவே எழும். ஓவியர் வரையாவிட்டாலும் தொலைக்காட்சி வரைந்துவிடும், விளம்பரம் வரைந்துவிடும். அவை வரைகிற முகம் பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரி முகம். ஓவியர் போடும் புதுப் படம் கற்பனையைச் சுருக்கவில்லை. ஏற்கெனவே ஒரு படம் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இன்னொன்றும் உண்டு என்று காட்டுகிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு புத்தகங்கள் இருப்பதே இதில் எதுவும் முடிந்த முடிவல்ல என்று குழந்தைக்குத் தெரிவிக்கப் போதும்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. அதை முழுவதுமாக மறுக்க என்னால் முடியாது. ஹாக்கி எல்லாருக்கும் பொது என்பதே கட்டுக்கதை, அந்தக் கதைக்கு வண்ணம் பூசிக் குழந்தையிடம் கொடுப்பது சரியா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கானர்ஸ் பிறந்த அதே நியூ பிரன்ஸ்விக்கில், அவருக்கு நாலே மாதம் முன்பு, 1935 அக்டோபரில் ஃபிரடெரிக்டன் நகரில் பிறந்தவர் வில்லி ஓ'ரீ. 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அணிக்காக இறங்கி, என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அவருக்கு முன் டொராண்டோவில் பிறந்து வளர்ந்த ஹெர்ப் கார்னகி அத்தனை திறமை இருந்தும் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்ப்பில்லாமலே போனார். 2022-ல் ஹாக்கி புகழ் மண்டபம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டபோது அவர் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. சஸ்காச்சுவானின் க்ரீ பழங்குடியைச் சேர்ந்த ஃபிரெட் சஸாகமூஸ் 1953-54 பருவத்தில் சிகாகோ அணிக்குப் பதினோரு ஆட்டங்கள் ஆடியவர். அவர் ஹாக்கி பழகியது டக் லேக் உறைவிடப் பள்ளியில். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி, அவர்கள் மொழியை வாயிலிருந்து அழிக்க நடத்தப்பட்ட பள்ளிகளில் ஒன்று அது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படிப்பட்ட பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று உண்மை அறியும் ஆணையம் பதிவு செய்தது. அந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015 டிசம்பரில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே பாட்டும் படமும் சேர்ந்த வேறொரு புத்தகம் வந்தது. 'டிராஜிக்கலி ஹிப்' இசைக்குழுவின் பாடகர் கார்ட் டௌனியின் பத்துப் பாட்டுகளுக்கு ஜெஃப் லெமீர் வரைந்த 'சீக்ரெட் பாத்'. 1966 அக்டோபரில் கெனோராவுக்கு அருகிலிருந்த உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி, சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வீட்டை நோக்கி ரயில் பாதையோரம் நடந்து, குளிரில் இறந்துபோன சேனி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை. பேச்சுக் குமிழ்கள் கிடையாது. பாட்டு வரிகளும் படமும்தான். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரே வடிவத்தில் இரண்டு புத்தகங்கள். ஒன்றில் அந்த நாட்டின் மகிழ்ச்சி, மற்றொன்றில் அதன் குற்றம். ஹாக்கிப் பாட்டின் புத்தகம் 'சீக்ரெட் பாத்'தின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. நாலு வயதுக் குழந்தைக்கான ஒரு மாலை நேர மகிழ்ச்சி அது. ஆனால் மகிழ்ச்சியை வரையும்போது யாரை உள்ளே விட்டோம் என்பதற்கு அது கணக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையில் எல்லாரும் ஆடவில்லையே, படத்தில் மட்டும் எல்லாரையும் ஆட விடுவது பொய்யாகாதா? தொழில்முறை அரங்கை வரைந்து அதில் எல்லா நிறத்தவரையும் சம அளவில் நிரப்பினால் பொய்தான். உறைந்த குளமோ, மாநகராட்சி நடத்தும் திறந்தவெளிப் பனித்தளமோ என்றால் அது பொய்யல்ல. அங்கே சீருடை இல்லை, நடுவர் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. ஸ்டிக்குகளை நடுவில் குவித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமாகப் பிரித்தெறிந்து அணி சேர்க்கும் பழக்கம் அங்கே இன்றும் உண்டு. 'ஷின்னி' என்று அதற்குப் பெயர். ஊரும் அணியும் சொல்லாத கானர்ஸின் சொற்கள் அரங்கத்தை விட அந்தக் குளத்துக்குத்தான் அதிகம் பொருந்துகின்றன.

பெண் பிள்ளைகளின் விஷயத்திலும் காலம் ஓவியரின் பக்கம் நகர்ந்திருக்கிறது. பாட்டு வந்த காலத்தில் பாபி என்றால் ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஜஸ்டின் பிளெய்னி என்ற சிறுமி ஆண்கள் அணியில் ஆட அனுமதி கேட்டு நீதிமன்றம் ஏறி, 1986-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி நுழைந்தது. 2024 ஜனவரி 1 அன்று பெண்களுக்கான தொழில்முறை லீகின் முதல் ஆட்டம் டொராண்டோவில் நடந்தது. கானர்ஸின் வரிகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பாபியைப் பெண்ணாக வரையலாம். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பெண்களுக்கும் உண்டு. மெட்டு தடுக்காது, எதுகை தடுக்காது. தடுக்கக்கூடியது ஓவியரின் கை மட்டுமே. கடைசிச் சரணத்தில் வெற்றியாளர்கள் குடிப்பதற்காக நிரம்பி நிற்கும் கோப்பையும் அப்படித்தான். மதுக்கடையில் தொழில் தொடங்கியவரின் பாட்டில் அதில் என்ன இருந்திருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதே வெள்ளிக் கோப்பையை வென்ற வீரர்கள் தம் ஊருக்குக் கொண்டுபோய்த் தம் குழந்தைகளை அதற்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் சீரியலும் ஐஸ்கிரீமும் போட்டுத் தின்னக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன ஊற்றுவது என்பதும் தூரிகைக்கே விடப்பட்டிருக்கிறது.

கனடா 2022-ன் இறுதியில் பதிப்புரிமைக் காலத்தை ஆசிரியர் இறந்த பின் ஐம்பது ஆண்டிலிருந்து எழுபது ஆண்டாக நீட்டியது. அந்தக் கணக்குப்படி கானர்ஸின் பாட்டு 2083 முடியும் வரை உரிமையுள்ளவர்கள் கையில் இருக்கும். அதுவரை மூன்றாம் முறை, நான்காம் முறை யார் வரைந்தாலும் அனுமதி கேட்டுத்தான் வரைய வேண்டும். அந்த அனுமதியை ஒரு க்ரீ ஓவியருக்கும், ஸ்கார்பரோவில் வளர்ந்த ஒரு தமிழ் ஓவியருக்கும் இப்போதே கொடுக்கலாம். சொற்கள் அப்படியே இருக்கும், பாபியின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் முகத்தை அவர்கள் போடட்டும். இல்லையென்றால் 2084 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும். இன்று அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு பள்ளியிலிருந்து வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.